கடைசி ஆள் நான்தான்

செப்டம்பர் 2, செவ்வாய்

பள்ளி நூலகத்தில் கூரை ஒழுகி வரலாற்று அலமாரி முழுக்க நனைந்துவிட்டது. நூலகர் ஈரப் பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளைச் சொருகிக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுக்கிற முகமாக இல்லை. புத்தகம் இல்லாமல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது தந்தி ஓடிவந்தாள்.

தந்தி நான் வைத்த பெயர். பள்ளியில் எந்தச் செய்தியும் முதலில் அவள் காலில் ஏறி என்னிடம் வந்துவிடும், அதுவும் மூன்றே வார்த்தையில். பதிலுக்கு அவள் எனக்கு வைத்தது அகராதி. படிக்கிறதுக்காகவா திமிருக்காகவா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டுக்கும்தான்" என்றாள்.

இன்றைய செய்தி: இந்த மாதக் கடைசி ஞாயிறு, மாற்றுத்திறனாளிகள் விழிப்புணர்வு ஓட்டம். ஐந்து கிலோமீட்டர். சேருகிற பணமெல்லாம் நான் வாராவாரம் நடைப்பயிற்சிக்குப் போகும் கூடத்துக்கு. பள்ளியிலிருந்து ஓர் அணி போகிறது. தந்திதான் தலைவி.

"உனக்காக ஓடப் போறேன்டி" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய்யில்லை. ஆனால் 'நானும் வரட்டுமா' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். ஐந்து கிலோமீட்டர் நான் நடந்ததே இல்லை. என்னால் முடியுமா? தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

பெரியவளுக்கு அடி ரப்பர் தேய்ந்துவிட்டது. அப்பா புதிது மாட்டினார். (பெரியவள் இடது கை ஊன்றுகோல், சின்னவள் வலது. ஒரே நாளில் வாங்கியவைதான், ஆனால் பெரியவள்தான் அதிகம் உழைக்கிறாள்.) சின்னவளுக்கும் மாற்றச் சொன்னேன். "அதுக்கென்ன கேடு, நல்லாத்தானே இருக்கு" என்றார். மாற்றிக் கொடுத்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாலையில் தந்தி வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம். பையிலிருந்து ஒரு மஞ்சள் டி-ஷர்ட்டை எடுத்து விரித்தாள். முதுகில் என் முகம். போன வருடச் சுற்றுலாவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த படம். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'இவளுக்காக ஓடுகிறோம்'. அணியில் எல்லாருக்கும் இதே சட்டைதானாம். தன் பிறந்தநாளுக்கு வந்த பணத்தைப் போட்டு அச்சடித்திருக்கிறாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா சட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி ஓடி வர்றவங்களுக்குத்தான் உன் முகம் தெரியும் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நல்லா இருக்கு" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

செப்டம்பர் 10, புதன்

மதிய இடைவேளையில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: "அக்கா, நீங்க செத்துப் போகப் போறீங்களா?" டி-ஷர்ட்டில் படம் பார்த்தாளாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படிப் படம் போடுவது பின் எதற்கு?

இல்லை என்றேன், அடுத்த வாரம் கணக்குப் பரீட்சை இருக்கிறது, அதற்கப்புறம் வேண்டுமானால் யோசிக்கலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பாதி பிஸ்கட்டை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தப் பாதி பிஸ்கட்தான் என்னை உடைத்தது. பள்ளி விட்டதும் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் தந்தியைப் பிடித்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டியா என்றேன். நல்லதுதானே செய்தேன் என்றாள். நல்லதோ கெட்டதோ, கேட்டியா? உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு நினைச்சேன் என்றாள். எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, என் முகம் என்னை விட்டுட்டு ஊர் சுத்துதுன்னு.

"நான் ஓட்டத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டேன்டி. உன் முதுகுல இல்ல."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீ நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியுமா? நீதான் கடைசி. எல்லாரும் போனப்புறம் ஒத்தையா வருவ. ஊரே வேடிக்கை பார்க்கும். அதை என்னால பார்க்க முடியாது."

"உன்னால பார்க்க முடியாதுன்னா கண்ணை மூடிக்கோ."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஊன்றுகோலோடு திரும்பிப் பார்ப்பது அவ்வளவு சுலபமும் இல்லை.

செப்டம்பர் 11, வியாழன்

பேசவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

பேசவில்லை. ஆனால் ஒன்று. எங்கள் வகுப்பு மாடியில் இருக்கிறது. என் பையைத் தினமும் தந்திதான் மேலே தூக்கிப் போவாள். நேற்றும் இன்றும் நான் கைப்பிடியைப் பிடித்துப் படியேறி முடிப்பதற்குள் பை என் மேசைமேல் இருந்தது. இன்று தொப்பென்ற சத்தம் கீழேவரை கேட்டது. கோபத்தையும் சேர்த்துத் தூக்கி வந்திருக்கிறாள்.

சாப்பிடும்போது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். மணி அடிக்கும்வரை ஒரே பக்கம்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பயிற்சிக் கூடத்தில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நான் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்து அறையில் ஓட்டம் நடத்துகிறவர்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. அவர்களில் பெரியவர் ஒருவர், கழுத்தில் எப்போதும் விசில், குறைபட்டுக்கொண்டிருந்தார். 'கடைசி ஆள்' கிடைக்கவில்லையாம்.

அது யார் என்று எனக்குப் பயிற்சி தரும் அக்காவைக் கேட்டேன். ஓட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஓர் ஆள் உண்டாம். ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். யாரையும் முந்தக் கூடாது. அவர் முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை சாலையைத் திறக்கக் கூடாது, தண்ணீர் மேசையை எடுக்கக் கூடாது, கோட்டின் மேல் கட்டிய வளைவைப் பிரிக்கக் கூடாது. போன வருடம் அந்த வேலைக்கு வந்த கல்லூரிப் பையன் பொறுமை இல்லாமல் வேகமாக நடந்து, மெதுவாக வந்த ஒரு பேக்கரி அக்காவை முந்திவிட்டான். அவன் வந்ததும் சாலையைத் திறந்துவிட்டார்கள். பாவம், அந்த அக்கா லாரிகளுக்கு நடுவே வந்து சேர்ந்தபோது அங்கே கோடே இல்லை.

நான் கம்பியை விட்டுவிட்டுப் பெரியவளையும் சின்னவளையும் எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன்.

"சார், வேகமா நடக்கத் தெரியாதவங்க அந்த வேலைக்கு வரலாமா?"

விசில்காரர் என்னைப் பார்த்தார், கோல்களைப் பார்த்தார். குரலை இளக்கிக்கொண்டு, நீ எதுக்கும்மா கஷ்டப்படணும், மேடையில உட்கார்ந்து கொடியசைச்சு ஓட்டத்தைத் தொடங்கி வை என்றார். மேடைக்கு எத்தனை படி என்று கேட்டேன். நான்கு. சரிவுப் பாதை இருக்கிறதா? இல்லை. அவர் விசிலைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நடப்பா சார். எவ்வளவு நேரம் ஆகும்னுதான் சொல்ல முடியாது" என்றார் பின்னால் வந்து நின்ற பயிற்சி அக்கா.

கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: ஒன்பதரைக்கு மேல் போலீஸ் சாலையை மூடி வைக்காது. அதற்குள் வந்துவிட வேண்டும். வர முடியாது என்று தெரிந்தால் பின்னால் வரும் தொண்டரின் வண்டியில் ஏறிவிட வேண்டும். சரி என்றேன்.

இதைச் சொல்ல எனக்குத் தந்தி வேண்டும். அவளிடம்தான் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 20, சனி

மாலையில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தேன். இந்த வாரம் முழுக்க இப்படித்தான். அப்பா ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

தந்தி வந்தாள். பேசவில்லை. அவள் பாட்டுக்கு அவளும் ஓடிச் சுற்ற ஆரம்பித்தாள். நான் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அவள் ஒரு சுற்று முடித்து என்னைத் தாண்டிப் போய்விடுவாள்.

முதல்முறை தாண்டும்போது ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை: "கையெல்லாம் கொப்புளம்."

மூன்றாம் முறை: "சைக்கிள் கைப்பிடி உறை போடு."

நான்காம் முறை வேகம் குறைந்தது. "நான் கேட்டிருக்கணும்."

போய்விட்டாள். பதில் யோசிக்க எனக்கு ஒரு முழுச் சுற்று நேரம் இருந்தது. எத்தனையோ அழகான வாக்கியங்கள் செய்து வைத்தேன். மறுபடி வந்தபோது எல்லாம் காற்றில் போயிற்று.

"அகராதி புடிச்சவளே, பதில் சொல்லுடி" என்றாள். மூச்சு வாங்கியதா, அழுதாளா, தெரியவில்லை.

"ஓடி முடிச்சுட்டு வா. சொல்றேன்."

அதற்கப்புறம் அவள் ஓடவில்லை. நான் நடையை நிறுத்தியதும் என்னோடு உட்கார்ந்துகொண்டாள். நான் கடைசி ஆளான கதையைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீ வர்ற வரைக்கும் யாரும் எதையும் மூட முடியாதா?" என்றாள். முடியாது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அப்பா திரும்பிப் பார்த்துவிட்டார்.

செப்டம்பர் 27, சனி

நாளை. நான் வண்டியில் ஏற நேர்ந்தால், எனக்கு முன்னால் வருகிறவர்களின் கதி? அப்பாவிடம் கேட்டேன். "பயமா இருந்தா போகாம இருக்கப் போறியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப தூங்கு."

செப்டம்பர் 28, ஞாயிறு

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை.

தொடங்கும் இடத்தில் எங்கள் அணியைத் தேடினேன். மஞ்சள் சட்டைகள் இருந்தன, என் முகத்தைக் காணோம். எல்லாரும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தார்கள், தையலும் கழுத்துச் சீட்டும் வெளியே தெரிய. தந்தியின் ஏற்பாடு. "உன் மூஞ்சி இப்ப எங்க முதுகுல வேர்க்கும், பொறுத்துக்கோ" என்றாள்.

ஏழு மணிக்கு விசில். எல்லாரும் போய்விட்டார்கள். ஆயிரம் கால்கள் போனபின் ஒரு தெரு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

எனக்கு முன்னால் ஒரே ஒருவர். நாளெல்லாம் நின்றே வேலை பார்த்து முழங்கால் வீங்கிப்போன, அதே பேக்கரி அக்கா. அடிக்கடி திரும்பிப் பார்த்தார். "பாப்பா, என்னை முந்திட மாட்டியே?"

"மாட்டேன்கா. எனக்கு அனுமதி இல்ல."

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி. வழியெல்லாம் அதையே நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

நான்கு கிலோமீட்டர் தாண்டியதும் சிரிப்பு நின்றது. தோள் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பேக்கரி அக்காவும் நின்றுவிட்டார். பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு தொண்டர் வந்தார். இவ்வளவு தூரம் வந்ததே பெரிசும்மா, ஏறிக்கோ என்றார். நல்ல மனிதர். ஆனால் நான் ஏறினால் சாலையைத் திறந்துவிடுவார்கள். அக்கா மறுபடியும் லாரிகளுக்கு நடுவே.

மணி கேட்டேன். ஒன்பது ஆகப் போகிறது என்றார். "இன்னும் நேரம் இருக்கே அண்ணா" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து தந்தி. ஓடி முடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தவள், கை நீட்டும் தூரத்தில் நின்றாள். நீட்டவில்லை.

"என்ன வேணும்?"

"தண்ணி. அப்புறம் பக்கத்துல வா. பிடிக்காத."

குடித்தேன். எழுந்தேன். அவள் பிடிக்கவில்லை. தன் கையைத் தன் முதுகுக்குப் பின்னால் தானே பிடித்துக்கொண்டு நடந்தாள். இல்லாவிட்டால் அது தானாக வந்துவிடுமாம். நூலகர் இன்னும் செய்தித்தாள் சொருகிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டாள். கடைசிவரை அதையே பேசினோம்.

வளைவு நின்றுகொண்டிருந்தது. பேக்கரி அக்கா கோட்டைத் தாண்டி, குனிந்து அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். தந்தி எனக்காக ஒதுங்கி நின்றாள்.

"நீ முன்னாடி போ" என்றேன். "கடைசி ஆள் நான்தான்."

இரண்டாம் முறையாகத் தாண்டினாள். அப்புறம் நான்.

விசில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் ஒன்பதரை ஆகவில்லை. மைக்கில் என்னென்னவோ சொல்ல வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. மைக்கை இறக்கிவிட்டு, "கடைசி ஆள் வந்தாச்சு. வழியைத் திறந்துவிடுங்க" என்றார்.

செப்டம்பர் 29, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. அம்மா தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். கணக்குப் பரீட்சைத் தாள் வந்திருக்கிறதாம். தந்தி வந்து மூன்று வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனாள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அக்டோபர் 8, புதன்

நூலகம் திறந்துவிட்டது. வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாம் உப்பிப்போய், முன்பைவிடக் கனமாக இருக்கின்றன. இரண்டு எடுத்தேன்.

வெளியே வந்ததும் தந்தி, "பையைத் தூக்கட்டுமா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல்முறை கேட்கிறாள். கொடுத்தேன். கனமாகத்தானே இருந்தது.

அடுத்த வருடம் கூட்டம் அதிகமாக இருக்கும், பின்னால் வர இரண்டு பேர் வேண்டும் என்று விசில்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தானும் சேரலாமா என்றாள். வேகமாக நடக்கத் தெரியாதவர்கள்தான் வேண்டும் என்றேன்.

"கத்துக்கறேன்" என்றாள்.

பள்ளியிலிருந்து வீடுவரை பழகிப் பார்த்தோம். இரண்டு தடவை என்னை முந்திவிட்டாள். திரும்பி வரச் சொன்னேன். வந்தாள்.