எந்தத் தெரு?

ஐப்பசி 14, வெள்ளி

எங்கள் ஆன்லைன் கேம் குழுவில் சண்டைகளைத் தீர்த்துவைக்கச் சம்பளமில்லாத மாடரேட்டர்கள் தேவை. இன்று ஒருவரிடம் போனில் பேசினேன். கேமில் அவர் பெயர் நண்டு. யாராவது ஒருவரைக் கேவலமாகத் திட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “மொதல்ல திட்டு வாங்குனவங்ககிட்ட பேசுவேங்க” என்றார். அப்போதே அவரை எடுத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன்.

ஊர் எது என்றதற்கு, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். நம்ம பக்கமாச்சே என்ற சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. “அங்க எந்தத் தெருங்க?”



“இங்கயுமாங்க?” என்றார். போனை வைத்துவிட்டார்.

சாதியை மனதில் வைத்துத்தான் கேட்டேனா? இல்லை என்று எழுத வந்தேன். பேனா ஓடவில்லை. சாதி கேட்பவரைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும் என்ற விதியை எழுதியதும் இதே கைதான்.