வெட்டப்பட்ட ஓரம்

மகளுக்கு,

என் பிறந்தநாளுக்குப் பிறகு நீ ப்ரூக்ளின் பக்கமே வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து ரயில் ஓடவில்லை போலிருக்கிறது.

என் கோபம் தீர்ந்ததா என்று உன் கணவனை விட்டுக் கேட்க வேண்டாம். தீரவில்லை. பிறந்தநாள் பரிசாக என் கார்ட்டூன் நாய்ப் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டுத் தர நினைத்தாய், சரி. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெள்ளை ஓரத்தை வெட்டும்படி கடைக்காரனிடம் சொல்லலாமா? ஓவியர் பென்சிலால் போட்ட கையெழுத்தும், அச்சிட்ட நூற்றைம்பதில் இது எத்தனையாவது பிரதி என்ற எண்ணும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. படம் சேர்ப்பதைப் பற்றி யாரிடமும் படிக்காமல், கடை கடையாக நின்று நான் கற்றுக்கொண்ட முதல் பாடமே ஓரத்தைத் தொடக்கூடாது என்பதுதான்.

நேற்று ஓவிய வியாபாரி ஹாலோரன் வந்தார். படத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"நாய் இருக்கு, கையெழுத்தைக் காணோமே மேடம்? நாயே தின்னுடுச்சா?"

"இல்ல, என் பொண்ணு தின்னுட்டா."

"அப்போ இது வெறும் போஸ்டர். கழட்டி உள்ள வைங்க."

"முதல்ல உங்க தொப்பியைக் கழட்டுங்க. என் வீட்டுச் சுவத்துல எது தொங்கணும்னு எனக்குத் தெரியும்."

வாசலுக்கு நேரேதான் மாட்டியிருக்கிறேன். மற்ற பிரதிகள் முழுசாக யார் யார் வீட்டிலோ தொங்குகின்றன. மகள் வெட்டியது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. பென்சில் சீவி வைத்திருக்கிறேன். படத்தின் பின்பக்கம் 'வெட்டியது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போடு. பக்கத்தில் '1/1', ஒன்றில் ஒன்று, என்று பிரதி எண்ணும் போடு. மன்னிப்புக் கேட்காதே, தரமாட்டேன். கையெழுத்து மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

இன்னும் கோபத்தோடு,
உன் அம்மா