இடுப்பில் கனக்காத துப்பாக்கி

டாகர் முகடு
ஜூன் 18, 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் மேக்சின் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டோபி இன்னும் உன் பட்டறைக் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் மான்கறி வற்றலைப் போட்டுக் கெஞ்சிப் பார். அதட்டினால் கேட்கிற நாய் இல்லை அது. என்னிடம் வளர்ந்தது.

இங்கே காட்டுத்தீக் காவல் வேலை பிடித்துப்போய்விட்டது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறை, நடுவில் நான். எந்த மலையில் புகை எழுந்தாலும் வானொலியில் சொல்லவேண்டும். மிச்ச நேரத்துக்கு டப்பாவில் அடைத்த பீச்சும் பீன்சும் இருக்கின்றன. ஒரே தொல்லை தண்ணீர்தான். ஊற்று ஒரு மைல் கீழே, பாறைச் சரிவில் இருக்கிறது. அந்தப் பாறையெல்லாம் கிலுகிலுப்பைப் பாம்பு. வெறும் பையோடு இறங்கும்போது கையில் மண்வெட்டி இருக்கிறது, தைரியமாகப் போய்விடுகிறேன். முதுகில் தண்ணீரைச் சுமந்து ஏறும்போது அந்த மண்வெட்டியே ஊன்றுகோல் ஆகிவிடுகிறது. அப்போது ஒன்று எதிரே வந்தால் நான் என்ன, அதற்கு வணக்கம் சொல்வதா?

ஆகவே எனக்கு ஒரு சின்ன ரிவால்வர் வேண்டும். இருபத்திரண்டு காலிபர் போதும், பாம்புக்கு உள்ள பொடி ரவைத் தோட்டா போட்டுக்கொள்வேன். முக்கியம், எடை குறைவாக இருக்கவேண்டும். தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி இறங்கப்போகிறவள் நான். என் கார்த்தின் பெரிய துப்பாக்கி வேண்டாம், அதைக் கட்டினால் கால்சட்டை முழங்காலுக்கு வந்துவிடும். அதுசரி, அவர் இறந்துபோன மார்ச்சில் எண்ணெய் போடுவதாகச் சொல்லி அதை எடுத்துப்போனாயே, இன்னுமா எண்ணெய் காயவில்லை?

அன்புடன்,
லெனோரா

*

சால்மன்
ஜூன் 30, 1974

அன்புத் தங்கை லெனோராவுக்கு,

உன் கடிதம், உனக்குச் சாமான் சுமந்து வருகிற ஹோலிஸின் கோவேறு கழுதை வழியாகப் பத்திரமாக வந்தது. உறையில் கழுதையின் எச்சில் கொஞ்சம் இருந்தது, படிக்க முடிந்தது.

இருபத்திரண்டு ரிவால்வர் என்று ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டாய். அது தொப்பி வாங்குகிற மாதிரி இல்லை. அலுமினியச் சட்டம் வைத்ததை எடுத்தால் சட்டைப்பையில் போட்டதையே மறந்துபோவாய், ஆனால் கையில் நிற்காது, மூச்சு விட்டாலே குறி நகரும். எஃகில் எடுத்தால் குறி நிற்கும், ஆனால் மூன்றாம் நாளே அதைக் கட்டிலில் விட்டுவிட்டுப் போவாய். கூடவே இல்லாத துப்பாக்கியால் யாருக்கு என்ன பிரயோசனம்? குழல் இரண்டு அங்குலம் என்றால் அழகு, பாம்பின் தலை தப்பிக்கும். நாலு என்றால் உட்காரும்போது விலாவில் குத்தும். நடுவே மூன்று இருக்கிறது. ஆனால் அவசரப்பட ஒன்றுமில்லையே?

பாம்புக்கு இத்தனை வருடமாக மண்வெட்டி போதுமாகத்தானே இருந்தது? துப்பாக்கிதான் வேண்டுமென்றால் நீளமான ரைபிள் ஒன்று தருகிறேன், தோளில் மாட்டிக்கொள். குட்டையாகத்தான் வேண்டுமென்று ஏன் நிற்கிறாய்?

இன்னொன்று. உன் சேணத்தை என் மகளுக்குக் கொடுத்துவிட்டாய். அது அம்மாவின் சேணம். நாயை எங்களிடம் விட்டுவிட்டாய். கார்த்தின் சட்டைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்தாய், அது சரி, உன்னுடைய நல்ல கோட்டையும் ஏன் கொடுத்தாய்? மேக்சின்தான் இதையெல்லாம் ஞாபகப்படுத்தினாள். "நல்லா சாப்பிடறாளான்னு கேளுங்க" என்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாயா?

உன் அண்ணன்,
வெண்டெல்

*

டாகர் முகடு
ஜூலை 14, 1974

அண்ணா,

நன்றாகச் சாப்பிடுகிறேன் என்பது உனக்கே தெரியும். ஹோலிஸ் என் காலி டப்பாக்களைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருப்பானே. சாமான் இறக்க வந்த ஆள் கட்டிலுக்கு அடியில் குனிந்து என்ன தேடுகிறான்?

"என்னய்யா தேடறே?" என்று கேட்டேன்.

"எலி இருக்கான்னு பாத்தேம்மா."

"எலி பாட்டிலைத் தொறந்து விஸ்கி குடிக்குமா? மூடியை எதுக்கு மோந்து பாக்கறே?"

முகம் சிவந்துபோய், "உங்கண்ணன் பாக்கச் சொன்னாரு, நான் என்னம்மா பண்றது" என்று தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். பாவம், வேவு பார்க்கத் தெரியாத ஆளை அனுப்பியிருக்கிறாய்.

நீ சுற்றிச் சுற்றி வருவதை நானே நேராகக் கேட்டுவிடுகிறேன். நான் செத்துப்போகப் பார்க்கிறேனா என்பதுதானே உன் கேள்வி? இல்லை. குதிரையை விற்றபிறகு சேணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இடி இடித்தால் டோபி நடுங்குகிறது, மின்னல் முதலில் விழுகிற இடத்தில் அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறாயா? அந்தக் கோட்டு கார்த் வாங்கிக்கொடுத்தது. போட்டுக்கொண்டால் அழுகை வந்தது, கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் நீ கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். அந்த மாதம் காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அப்போது நீ ஒன்றும் கேட்கவில்லை, துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய். சரி, அதுவும் நல்லதுதான். ஆனால் இப்போது ஜூலை. காலையில் பசிக்கிறது. மேற்கே போனவாரம் ஒரு புகையைப் பார்த்துச் சொன்னேன், அது பிடித்த ஒரு மரத்தைத் தாண்டுமுன் ஆள் போய் அணைத்துவிட்டார்கள். அன்றைக்கு முழுக்கப் பாடிக்கொண்டிருந்தேன், என் பாட்டு உனக்குத் தெரியுமே, பருந்துகூட விலகிப் பறந்தது.

ரைபிள் வேண்டாம், முதுகில் தண்ணீர்ப்பை இருக்கிறது. நீ சொன்ன அலுமினியமே போதும். மூன்று அங்குலம். உறையோடு சேர்த்து எவ்வளவு எடை வரும் என்று எழுது. நேற்று ஊற்றுப் பக்கம் இரண்டு பாம்பு.

லெனோரா

*

சால்மன்
ஜூலை 27, 1974

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்து வெட்கப்பட்டேன். ஹோலிஸும் என்னைத் திட்டினான். "இனிமே உங்க வீட்டு விவகாரத்துல என்னைச் சேக்காதீங்க, அந்தம்மா பார்வையே பாம்பைவிட மோசம்" என்றான். இனி அவனிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

நீ சொன்னதை நம்புகிறேன். மேக்சினிடமும் சொல்லிவிட்டேன், நாங்கள் இருவருமே நம்புகிறோம். நீ கவலைப்படவேண்டாம், முழுமனதோடு நம்புகிறேன்.

துப்பாக்கி இத்துடன் வருகிறது. எட்டு துப்பாக்கிகளை எடுத்துப் பார்த்துக் கழித்தபிறகு கிடைத்தது இது. அலுமினியச் சட்டம், மூன்று அங்குலக் குழல், ஆறு தோட்டா. கைப்பிடியை உன் விரலுக்கு ஏற்றபடி வாதுமைக் கட்டையில் நானே செதுக்கினேன். உறையோடு தூக்கினாலும் ஒரு டப்பா பீச் அளவுக்குக்கூட வராது. பட்டறை வழக்கப்படி சுட்டுப்பார்த்த காகிதத்தை விசை வளையத்தில் கட்டியிருக்கிறேன். ஆறு துளையும் ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கும்.

ஒன்று மட்டும் கேள். காடு காய்ந்து கிடக்கிறது, சும்மா சுட்டுப் பழகாதே, ஒரு பொறி போதும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். இருபத்திரண்டில் அப்படிச் செய்தால் தோட்டாவைக் குத்துகிற ஊசி கெட்டுப்போகும், உனக்கே தெரியும். தேவைப்பட்டால் மட்டும் எடு. அக்டோபரில் இறங்கியதும் நேராக என்னிடம் கொண்டுவா, நான் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.

உன் அண்ணன்,
வெண்டெல்

*

டாகர் முகடு
ஆகஸ்ட் 10, 1974

அன்புள்ள அண்ணா,

என்ன அழகாகச் செய்திருக்கிறாய்! கைப்பிடி நான் பிடிக்கப் பிறந்தது மாதிரி இருக்கிறது. தினமும் கட்டிக்கொண்டு போகிறேன், இருப்பதே தெரியவில்லை. நேற்று அதைக் கழற்றாமலே படுத்துவிட்டேன், விலாவில் அழுத்தியபிறகுதான் ஞாபகம் வந்தது.

சுட்டுப்பார்க்கவில்லை. காட்டிலாகாவும் இந்த வாரம் வேட்டுக்கு முழுத்தடை போட்டுவிட்டது. தவிர உன் காகிதம் இருக்கும்போது நான் வேறு எதைப் பார்க்க? அதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

முன் கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்போது ஊற்றுக்குப் பயமில்லாமல் போகிறேன். மண்வெட்டியை மேலேயே விட்டுவிட்டேன். அண்ணிக்கு என் முத்தம். டோபிக்கும்.

உன் தங்கை,
லெனோரா

*

டாகர் முகடு
ஆகஸ்ட் 23, 1974

வெண்டெலுக்கு,

செவ்வாய்க்கிழமை ஊற்றில் தண்ணீரை நிரப்பி முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பினால் பாதை நடுவில் பாம்பு. என் முன்கை பருமன் இருக்கும். இரண்டு பக்கமும் பாறை, ஒதுங்க இடமில்லை. நான் பயப்படவில்லை, அதுதான் வேடிக்கை. நிதானமாக எடுத்து, குறிவைத்து, விசையை இழுத்தேன். டிக் என்றது. தோட்டா கெட்டது போலிருக்கிறது என்று மறுபடி இழுத்தேன். டிக். உருளை முழுக்கச் சுற்றி வந்துவிட்டது, அது டிக் டிக் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் நகர்ந்தேன், தண்ணீர்ப்பை இழுத்து மல்லாக்க விழுந்தேன். பாம்பு என் பூட்ஸில் ஒரு போடு போட்டது. பூட்ஸின் தோலில் இரண்டு பல்லும் பதிந்து, விஷம் வழிந்தது. இன்னும் ஒரு அங்குலம் மேலே என்றால் முழங்கால். ஹோலிஸ் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. வானொலி ஒரு மைல் மேலே.

பாம்பு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து தோட்டாக்களைக் கையில் கொட்டிப் பார்த்தேன். ஒன்றின் விளிம்பிலும் ஊசி குத்திய தடம் இல்லை. துப்பாக்கியின் சுத்தியலைப் பின்னால் இழுத்து ஊசியைப் பார்த்தேன். நானும் அப்பாவின் பட்டறையில் வளர்ந்தவள்தான் வெண்டெல். தோட்டாவை எட்டாதபடி அதன் முனையை அரம் போட்டு ராவி, மெருகும் போட்டிருக்கிறாய். எவ்வளவு சுத்தமான வேலை. காகிதத்தைச் சுட்டு முடித்தபிறகு செய்திருக்கிறாய், இல்லையா?

ஒவ்வொரு கடிதத்திலும் உன்னிடம் எடையைக் கேட்டேன். உன் வாழ்க்கை முழுக்கத் துப்பாக்கி விற்றவன் நீ. ஒரே ஒரு முறைக்கு வேண்டும் என்பவள் எடையைக் கேட்பாளா? தினமும் கட்டிக்கொள்ளப் போகிறவள்தான் கேட்பாள். கடைக்கு வருகிற மீன்பிடிகாரன் எவன் கேட்டிருந்தாலும் உனக்கு அந்த நிமிடமே புரிந்திருக்கும்.

துப்பாக்கியை ஹோலிஸிடம் கொடுத்தனுப்புகிறேன். கைப்பிடியோடு.

லெனோரா

*

சால்மன்
செப்டம்பர் 7, 1974

லெனோரா,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

செய்தேன். நீ நினைப்பது சரி. அன்றைக்கு மாலை காகிதத்தைச் சுட்டுவிட்டு, உறையில் போட்டுக் கட்டியும் வைத்துவிட்டேன். அப்புறம் அதைக் கொடுக்கக் கை வரவில்லை. மறுநாள் காலை ஹோலிஸ் வாசலில் கழுதைகளோடு நிற்கிறான், "குடுங்கய்யா, வெயில் ஏறுது" என்கிறான். உன் கடிதத்தில் மார்ச் மாதத்தைப் பற்றி எழுதியிருந்த இடம்தான் கண்ணுக்குள் நின்றது. மிச்சமெல்லாம் மறந்துபோய்விட்டது. உள்ளே போய் அரத்தை எடுத்தேன்.

கொடுக்காவிட்டால் வேறு எங்காவது வாங்குவாய் என்று நினைத்தேன். கொடுத்தால் தூங்கமாட்டேன். கையில் ஒன்று இருக்கட்டும், அது சுடாமல் இருக்கட்டும், அக்டோபரில் நீ சிரித்துக்கொண்டு இறங்கி வந்ததும் உனக்குத் தெரியாமல் புது ஊசி போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பாம்பைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. உன் கடிதம் முழுக்கப் பாம்பு. நான் அதைப் பொய் என்றே எடுத்துக்கொண்டேன்.

மேக்சின் என்னோடு பேசுவதில்லை. "அவ செத்துடுவாளோன்னு பயந்து நீங்களே கொல்லப் பாத்தீங்களே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அத்தோடு சரி. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ என் இடத்தில் இருந்திருந்தால், நான் கேட்டிருந்தால், கொடுத்திருப்பாயா?

புது ஊசி போட்டுவிட்டேன். ஒரு தோட்டாவும் தவறவில்லை. இத்துடன் ஹோலிஸிடம் அனுப்புகிறேன். பயன்படுத்து, இல்லையென்றால் பள்ளத்தில் வீசு, ஆனால் ஒரு வரி எழுது.

வெண்டெல்

*

கிரேஞ்ச்வில்
அக்டோபர் 6, 1974

அண்ணா,

நேற்று மலையிலிருந்து இறங்கிவிட்டேன். முதல் பனி விழுந்துவிட்டது, இனி இந்த வருடம் புகைக்கு வேலையில்லை. அடுத்த கோடைக்கும் என்னையே வரச்சொல்லியிருக்கிறார்கள். சரி என்றேன். குளிர்காலத்துக்கு இங்கேயே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாடியில் அறை.

உன் துப்பாக்கி ஹோலிஸிடமே இருக்கிறது. நான் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அவனை எதுவும் சொல்லாதே, நல்லவன்.

நீ கேட்ட கேள்வியை யோசித்துப் பார்த்தேன். நான் கொடுத்திருக்கமாட்டேன். முடியாது என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன், நீ என்னைத் திட்டியிருப்பாய், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பாய். அவ்வளவுதான் நடந்திருக்கும். நீ பயந்தது எனக்குப் புரிகிறது. அதற்காக உன்மேல் எனக்குக் கோபமே இல்லை. நம்புகிறேன் என்று ஒரே கடிதத்தில் மூன்று முறை எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

சனிக்கிழமை டோபியை அழைத்துப்போக வருகிறேன். அண்ணி வாசலுக்குக் கொண்டுவந்து விட்டால் போதும். நீ பட்டறையிலேயே இரு.

இன்று காலை இங்குள்ள கடையில் வேறொரு ரிவால்வர் வாங்கினேன். அதுவும் அலுமினியம்தான், மூன்று அங்குலம். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், என்னை முன்பின் பார்த்ததில்லை.

"எங்கம்மா கொண்டுபோகப் போறீங்க?" என்றார்.

"மலைக்கு. தண்ணி எடுக்கப் போற வழியில பாம்பு."

"அப்ப லேசா இருக்கறதுதான் நல்லது" என்று எடுத்துக் கையில் வைத்தார். அரசாங்கத் தாளில் கையெழுத்து வாங்கினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. "சுட்டுப் பாத்துதான் வெச்சிருக்கேன், அப்படியே கொண்டுபோகலாம்" என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பொய் சொல்கிற மனிதர் இல்லை.

அவர் நான் சொன்னதை நம்பிவிட்டார், அண்ணா. அவர் சொன்னதை என்னால்தான் நம்ப முடியவில்லை. கடைக்குப் பின்னால் போய், அந்த மனிதர் பார்த்துக்கொண்டு நிற்க, ஆறு தோட்டாவையும் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தேன்.

லெனோரா