அப்பாவுக்கு நோய் இல்லையாம்

மார்ச் 28, இரவு

அப்பாவின் மருத்துவக் காப்பீடு நாளையோடு முடிகிறது. என்னால் கட்ட முடியாத அளவுக்குக் கட்டணத்தை ஏற்றிவிட்டதால் வேறு கம்பெனிக்கு மாற்றுகிறேன். இன்று அங்கிருந்து ஒரு பெண் போனில் அவரிடம் நோய் விவரம் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. கல்லு மாதிரி இருக்கேன்."

பத்து வருடச் சர்க்கரை. எங்கள் உப்பளம் பகுதிக் கிளினிக்கில் கட்டுப்போட்ட கால் புண் இன்னும் ஆறவில்லை.

"ஏம்ப்பா பொய் சொன்ன?"

"சக்கரைன்னா எவன்டா போட்ல ஏத்துவான்?"

கடலுக்குப் போன காலத்துப் பழக்கம்.

"இது போட் இல்லப்பா, இன்சூரன்ஸ்."

"அவன் மட்டும் ஏத்திடுவானா?"

உண்மையைச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள். மறைத்தால் ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது கைவிரிப்பார்கள். நோயில்லாதவனுக்கு மட்டும் வைத்தியம் விற்கிறார்கள், அயோக்கியர்கள். காலையில் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். சொன்ன பிறகு அந்தக் காலோடு அவரை நான் எங்கே கூட்டிப்போவேன்?