ஆறு மாத தையல் வகுப்பு

அக்கா,

பீரோவை ஒழித்துக்கொண்டிருந்த என் மனைவி இன்று காலை அந்த மெரூன் ஜாக்கெட்டை எடுத்து என் மடியில் போட்டாள். "இத இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க? நான் ஒரு நாளாச்சும் போட்டிருப்பனா?" என்றாள். உண்மைதான். அவள் உடம்பில் ஏறியதைவிட என் வண்டிப் பெட்டியில் அது ஏறிய நாட்கள்தான் அதிகம். இரண்டு கை ஓரத்திலும் பிரித்துப் பிரித்துத் தைத்த ஊசித் துளைகள் வரிவரியாக இருக்கின்றன. மூக்கில் வைத்துப் பார்த்தேன். புதுத் துணிக் கஞ்சி வாசமும் மெஷின் எண்ணெய் வாசமும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தன. மனைவி ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் முதலில் உங்களிடம் நான் வாங்கியது வசவுதான். காச நோய்க்காரர்களுக்கு மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்து, ஆறு மாதமும் விடாமல் விழுங்குகிறார்களா என்று பார்ப்பது என் உத்தியோகம். அன்றைக்கு வேப்பந்தட்டையில், உங்கள் தையல் கடைக்கு எதிர்வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தேன். கழுத்தில் அளவு டேப் தொங்க நீங்கள் விறுவிறுவென்று தெருவைத் தாண்டி வந்தீர்கள்.

"சார், நீங்க டி.பி. ஆபீஸ்தானே? இந்த வண்டி நிக்கிற வூட்ல நாளைக்கு யாரு பொண்ணு எடுப்பாங்க? கொஞ்சமாச்சும் ரோசன பண்ண வேணாம்?"

"மாத்திரை குடுக்க வேணாமாம்மா?" என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. கீழப்பழுவூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெயில் வேறு.

"குடுங்க. எங்கிட்ட குடுங்க. நான் முழுங்க வெக்கிறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. என்னைவிட நான்கு வயது சின்னவர் நீங்கள். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அடுத்த வாரமே கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது: பெண்களுக்கு ஆறு மாத தையல் வகுப்பு. முதல் சில வாரங்கள் அளவெடுக்கிற சாக்கில் நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுப்பீர்கள். இனி மற்றவர்களுக்கு ஒட்டாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வகுப்பில் சேர்ப்பீர்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருவார்கள். திரைக்குப் பின்னால் ஒரு சொம்புத் தண்ணீர், மாத்திரை, பிறகு உங்கள் குரல்: "ஆ காட்டு. நாக்க தூக்கு. சரி, போய் மெஷின்ல உக்காரு." ஊர் கண்ணுக்கு அது தையல் வகுப்பு. நோயே இல்லாத நான்கைந்து பெண்கள் நிஜமாகவே தையல் கற்க வந்து நின்றபோது நீங்கள் பட்ட பாடு இருக்கிறதே! வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் அவர்களுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தீர்கள்.

லேடீஸ் டெய்லர் கடைக்கு ஆண்பிள்ளை வாராவாரம் வருவதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. அதற்குத்தான் இந்த ஜாக்கெட். மஞ்சள் பையில் அடியில் மாத்திரை, மேலே ஜாக்கெட். "கை பிடிக்குதாம்" என்று வாசலிலிருந்தே உரக்கச் சொல்லுவேன். பிரித்துவிடுவீர்கள். அடுத்த வாரம் "தொளதொளன்னு இருக்காம்" என்பேன். மறுபடி பிடிப்பீர்கள். "ஒங்க வூட்டம்மாவுக்கு வாரத்துக்கு ஒரு கை போலருக்கு" என்று நீங்கள் சொன்னதை நான் வீட்டில் போய்ச் சொல்ல, அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

யாருக்கு உடம்பு தேறுகிறது என்று என் எடை மெஷினுக்கு முன்னால் உங்கள் டேப்புக்குத் தெரிந்துவிடும். "இதுக்குக் கை அரை இஞ்ச் ஏறியிருக்கு சார், பொழச்சிக்கும்" என்பீர்கள். ஆறு மாதம் முடிகிற அன்றைக்கு ஒவ்வொருத்தியும் தனக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது உங்கள் சட்டம். முதல் நாள் போட்டு வந்த பழைய ஜாக்கெட்டில் கொக்கி மாட்ட முடியாமல் அவர்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே நான் இந்த வேலையில் இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு உங்களிடம் சொல்லவில்லை.

உங்களுக்குச் சர்க்கரை இருந்தது. எனக்குத் தெரியும். அதற்கு மாத்திரை கொடுக்க மாதம் ஒருமுறை வேறொரு அம்மா வருவார். ஒருநாள் கேட்டீர்கள்: "ஏன் சார், டி.பி.க்கு ஒரு ஆபீஸ், சுகருக்கு ஒரு ஆபீஸா? ஒடம்பு ஒண்ணுதானே?" அது தொற்று நோய், இது தொற்றா நோய், பிரிவு வேறு, ரெஜிஸ்டர் வேறு என்று விளக்கினேன். "தொத்தாத நோய்ங்கிறீங்க, அப்பறம் எப்படி எல்லா வூட்லயும் இருக்கு?" என்று நூலைக் கடித்துத் துப்பினீர்கள். ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

இன்னொரு நாள் கடைக்கு வந்தபோது வெறும் மோரைக் குடித்துக்கொண்டிருந்தீர்கள். "நேத்து ராத்திரியும் பட்டினிதான் சார். இன்னிக்கி சுகர் பாக்க வராங்க. நம்பர் நல்லா வந்தா அந்தம்மாவும் திட்டாது. நாளைக்கு இருக்கு கேசரி!" என்று கண்ணைச் சிமிட்டினீர்கள். மாத்திரை தினமும் போடுகிறீர்களா என்று கேட்டேனா? இல்லை. சேர்ந்து சிரித்தேன். எத்தனை பேர் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்தவர் நீங்கள். உங்கள் வாயைத் திறக்கச் சொல்ல ஒருத்தரும் இல்லை.

அப்புறம் அந்த ஊக்கு. உங்கள் ஜாக்கெட்டின் தோள் நழுவி, ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தீர்கள். "தையக்கார அக்காவுக்கே ஊக்கா?" என்று கேலி செய்தேன். "ஊருக்குத் தைக்கவே நேரம் போதல. எனக்கு யாரு தைக்கிறது?" என்றீர்கள். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, பசி குறைந்ததா, எடை குறைந்ததா என்று யாரைப் பார்த்தாலும் நான்கு கேள்வி கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இளைத்துப்போய் எதிரே உட்கார்ந்திருந்த உங்களிடம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சர்க்கரை என் பிரிவு இல்லை என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியிருக்க வேண்டும்.

உடைந்த மெஷின் ஊசி உங்கள் குதிகாலில் ஏறியது உங்களுக்கே தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. நான் வந்தபோது துணி சுற்றிய காலோடு பெடலை மிதித்துக்கொண்டிருந்தீர்கள். வாடை வந்தது. "டவுன் ஆஸ்பத்திரில அட்மிட் ஆவணுமாம்" என்றீர்கள். பிறகு திரைப் பக்கம் கையைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினீர்கள். அங்கே இருந்தது கல்யாணமாகி ஒரு வருஷமே ஆன பெண். மாமியார் வீட்டுக்கு நோய் தெரியாது. மாத்திரையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. "இதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு சார். முடிச்சிடட்டும், அப்பறம் போறேன்."

அப்போது நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "சரிக்கா, முடிச்சிட்டே போங்க" என்றேன். அந்த வருஷம் பாதியில் விட்டவர் ஒருவர்கூட என் பட்டியலில் இல்லை. அதை அப்படியே முடித்துவிடலாம் என்ற ஆசை. வேறொன்றும் இல்லை அக்கா. இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் ஜாக்கெட்டைப் பற்றியும் கேசரியைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் உங்களுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. திருப்பூரிலிருந்து உங்கள் மகன் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போவதற்குள் விஷம் முழங்கால் வரை ஏறியிருந்தது. காலை எடுத்தார்கள். மிச்சம் ஏழு நாளும் நானே விடியற்காலையில் வண்டியெடுத்துக்கொண்டு வந்து, உங்கள் மகன் கொடுத்த சாவியால் கடையைத் திறந்து, அந்தப் பெண்ணை விழுங்க வைத்தேன். வகுப்புப் பெண்களில் ஒருத்தி கூட இருந்தாள். அது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. பதினெட்டு நாளும் அதைச் செய்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டீர்கள்.

"அது முடிச்சிடுச்சா சார்?"

"முடிச்சிடுச்சுக்கா."

"கடைசி நாளு ஆ காட்டுச்சா?"

"காட்டுச்சுக்கா."

தலையை அசைத்தீர்கள். இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

போன மாதம் ஒரு கூட்டம். சுவரில் உலகப் படம் ஒன்றைப் பெரிதாகக் காட்டினார்கள். எந்த நாட்டின் மேல் எந்த நோய் எவ்வளவு பாரம் என்று நிறம் நிறமாகப் பூசியிருந்தது. காச நோய்ப் படத்தில் நம் நாடு கருஞ்சிவப்பு. அடுத்த படம் சர்க்கரைக்கு, அதிலும் நல்ல சிவப்புதான். பேசியவர் நல்லவர், விஷயம் தெரிந்தவர். இரண்டு பாரமும் இனி ஒரே ஆள் தலையில்தான் இறங்கும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார். இதை நீங்கள் நூலைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டீர்களே என்று நினைத்தேன். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நானும் எடுத்தேன். கை ஓயவில்லை, மனசு ஓய்ந்திருந்தது. இருபது வருஷமாக இந்த மக்காச்சோளக் காட்டுப் பாதைகளில் ஒருத்தரைத் தேற்றி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டில் இன்னொருத்தர் இருமுகிறார். தேறியவர் அடுத்த வருஷம் சர்க்கரைக்கு வரிசையில் நிற்கிறார். இதில் எந்தப் பாரத்தை நான் இறக்கி வைத்தேன் என்று தெரியவில்லை.

எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது அக்கா. ஒரு வருஷம் ஆகிறது. டெஸ்டுக்கு முதல் நாள் நானும் மோர்தான் குடிக்கிறேன்.

அந்தப் பதினெட்டு நாள் பெண் இருக்கிறதே, அதுதான் இப்போது உங்கள் கடையைத் திறந்திருக்கிறது. இடுப்பில் ஒரு குழந்தை, கழுத்தில் டேப். பலகையைத் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறது. போன வாரம் புதிதாக ஒருவருக்கு மாத்திரை கொடுக்கக் கடைக்குப் போனேன். என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"பேன்ட் லூசாயிருக்கே சார். பெல்ட்டுல புது ஓட்ட போட்டிருக்கீங்க. இருமல் இருக்கா? காய்ச்ச வருதா? பசிக்குதா?"

நான்கு கேள்வியில் மூன்றைக் கேட்டுவிட்டது. நான்காவதற்குத்தான் என் பெல்ட் பதில் சொல்லிவிட்டதே. சர்க்கரை என்றேன். மாத்திரை எங்கே என்றது. சட்டைப் பையில் இரண்டு நாளாக அப்படியே இருந்ததை எடுத்துக் காட்டினேன். "வூட்ல போய் போட்டுக்கறேன்மா" என்றேன். எத்தனை பேர் என்னிடம் சொன்ன வார்த்தை! எனக்கே அது புளித்தது.

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க. சாப்ட்டீங்கல்ல? உள்ள வாங்க."

அதே திரை. அதே சொம்பு. விழுங்கினேன்.

"ஆ காட்டுங்க. நாக்க தூக்குங்க."

ஐம்பத்தாறு வயதில் அந்தத் திரைக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாத்திரை கசப்பு என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

"ஒங்களுக்கு எத்தன மாசம் சார்?" என்று கேட்டது.

"இதுக்கு மாசக் கணக்கு இல்லம்மா."

"அப்பன்னா தெனமும் வாங்க. என்ன இப்ப?"

மனைவி பழந்துணி மூட்டையைக் கட்டிவிட்டாள். ஜாக்கெட்டை மட்டும் மடித்து, என் சர்க்கரை மாத்திரையோடு மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் கடை வாசலில் யாராவது கேட்டால், கை பிடிக்கிறதாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.