வளைவுக்குத் தூக்கிய கை

காஜா பேராங், மலாக்கா
ஆகஸ்ட் 1957

அன்புள்ள மனைவிக்கு,

சிரம்பானில் உன் தாய்வீட்டில் நீயும் கைக்குழந்தையும் சுகம்தானே? இங்கே மலாயாவின் சுதந்திர நாளுக்காகத் தெருவெல்லாம் வெள்ளையடிக்கிறார்கள்.

நம் தமிழ்ப்பள்ளிக்கு வந்த அரசாங்கப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று இந்த முறை ஊர்ச் சபையே முடிவு செய்யலாமாம். சபைத் தலைவன் என்ற பெருமையோடு கூட்டத்துக்குப் போனேன். மீனாச்சி என்ற ஒரு தாய் எழுந்து, "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஒரு கக்கூசு கட்டிக் குடுங்கய்யா" என்றார். ஆண்கள் சிரித்தார்கள். நான் அவர்களை அடக்கவில்லை. பள்ளி வாசலில் சுதந்திர வளைவு கட்டலாம் என்று யாரோ சொன்னதும், முதலில் கை தூக்கியவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து நம் மகளிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப கக்கூசு கட்ட மாட்டாங்களாப்பா? நாங்க பள்ளி விடுற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல" என்றாள்.

அவளுடைய வயிற்றுவலிக்கு நீ கஷாயம் காய்ச்சியபோதெல்லாம் இது உனக்குத் தெரியுமா? என்னிடம் சொல்லக் கூசினாயா?

நேற்றுச் சபையை மறுபடி கூட்டிக் கெஞ்சினேன். ஒருவரும் அசையவில்லை. வளைவுக்குக் கடைக்கால் தோண்டியாகிவிட்டது. என் பெயரையும் அதில் பொறிக்கப் போகிறார்கள்.

நீ ஊர் திரும்பும்போது, பஸ்ஸிலிருந்து உன்னைப் பள்ளி வாசல் பக்கம் போகாமல் வேறு வழியாக வீட்டுக்கு அழைத்து வருகிறேன்.

தலைகுனிந்து,
உன் வீட்டுக்காரன்