லயக் கப்பலுக்கு அடிக்குறிப்பு

மார்ச் 10, செவ்வாய்

காலையில் பனி. எதிரே வந்த லொறிகூடத் தெரியவில்லை. தெமோதரை பஸ்ஸில் பள்ளிக்கூடம் வரை நின்றே பயணம். பத்தாம் வகுப்புக்கு ஒளித்தெறிப்பு. பாதிப் பேர் தூக்கம்.

இடைவேளையில் ரகுவின் மின்னஞ்சல். கொழும்பில் அவன் தொகுக்கும் அறிவியல் புனைகதைத் தொகுப்பில் என் கதையைச் சேர்த்துக்கொண்டானாம். பதினைந்து வருடமாக வலைப்பூவில் எழுதுகிறேன், படித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். இப்போதுதான் முதல் தடவை தாளில், அச்சில். சந்தோஷப்பட ஒரு நிமிடம் கிடைத்தது.

அடுத்த வரி: லயம், பெரட்டு, கங்காணி, கொழுந்து. நாலுக்கும் அடிக்குறிப்பு வேண்டும், வெள்ளிக்குள். இல்லாவிட்டால் அடுத்த தொகுப்பில் பார்க்கலாமாம்.

என் கதையில் ஒரு விண்கப்பல். போய்ச்சேர முந்நூறு வருடம். கூலிக்கு ஏற்றிய சனம் கப்பலின் அடித்தட்டில், லயத்தில். விடிய முன்னர் தப்படித்துப் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவார்கள். கங்காணி ஒரு இயந்திரம். இதில் என்ன விளங்காது?

வாங்க: குழந்தைச் சோப்பு, சின்னக் கொசுவலை, பேனா. (அண்ணன் மகளுக்குப் போன மாதம் பிள்ளை பிறந்தது. இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மனைவி செல்வி தினமும் ஞாபகப்படுத்துகிறாள்.)

மார்ச் 11, புதன்

ரகு தொகுப்பு முழுவதையும் அனுப்பியிருந்தான். மாதிரிக்குப் பார்க்கட்டுமாம்.

சென்னைக்காரர் ஒருவரின் கதை. முதல் வரி: “ழ்வோராக்கள் மூன்றாம் க்ஸமிதியில் த்ரேக்கினர்.” அடிக்குறிப்பு இல்லை. பக்கத்துக்குப் பத்துச் சொல் இப்படி. ஒன்றுக்கும் இல்லை.

ரகுவுக்கு போன் எடுத்துக் கேட்டேன்.

“உது கற்பனை மச்சான். வாசகர் ஊகிச்சுக்கொள்ளுவினம். உன்ர சொல்லுகள் அப்பிடியில்லை.”

த்ரேக்கினரை ஊகிப்பார்கள். கொழுந்தை ஊகிக்க மாட்டார்கள். அதைக் கொதிநீரில் போட்டுத்தானே தினமும் குடிக்கிறார்கள்.

பதுளையில் என்னோடு பத்து வருடம் ஒரே வகுப்பு இவன். இவன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர். அவர்கள் வீட்டில் எத்தனை தரம் இடியப்பம் தின்றிருப்பேன். நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் அங்கிருந்து நாலு மைல்தான். ஒரு நாள்கூட இவன் வந்ததில்லை. கூப்பிடும்போதெல்லாம் “பாப்பம்.”

கோபத்தில் சோற்றைத் தள்ளி வைத்தேன். செல்வி தட்டை எடுத்துக்கொண்டே, “கோவத்த எடுத்துட்டா எழுதுறதுக்கு ஒங்களுக்கு என்னங்க மிச்சம்?” என்றாள்.

கோழிக்குழம்பு. பிறகு தின்றேன்.

மார்ச் 13, வெள்ளி

பின்னேரம் மழை. கூரை ஒழுக்கு பழைய இடத்திலேயே.

வாட்ஸப் குழுவில் இரண்டு நாளாகச் சண்டை: டிராகனின் சிறகு அதன் உடம்பைத் தாங்குமா. தாங்காது. பௌதிகம் படிப்பிக்கிறவன் கணக்குப் போட்டுக் காட்டினேன். “அண்ணா, ஃபேண்டஸியில லாஜிக் பாக்காதீங்க” என்று ஒருவன். அதே ஆள்தான் போன மாதம் என் கதையில் கூலிச்சனம் கப்பலோட்டியைக் கேள்வி கேட்பதில் லாஜிக் இல்லை என்றவன்.

அடிக்குறிப்பு வேண்டுமா, தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

கங்காணி: இரண்டு வாயுள்ள உயிரினம். ஒன்று துரையோடு பேச, மற்றது ஆட்களை ஏச.

பெரட்டு: சூரியனை வரவழைக்கும் சடங்கு. ஒரு தலை குறைந்தாலும் விடியாது.

கொழுந்து: மலையின் மயிர். கிள்ளக் கிள்ள வளரும். கிள்ளுகிறவர்கள் வளர்வதில்லை.

லயத்துக்கு மட்டும் பொய் வரவில்லை. என்னென்னவோ எழுதி அழித்தேன். அலுத்துப்போய் உள்ளதையே எழுதினேன்: “வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒன்று. ஒரே அறையில் ஐந்து தலைமுறை பிறந்து வளர்ந்திருக்கிறது.” நான் பிறந்த அறை. முப்பாட்டன் தொடங்கி அண்ணன் மகள் வரை. அண்ணன் இன்னும் அங்கேதான்.

அனுப்பிவிட்டேன். படித்துக் கொதிக்கட்டும்.

மார்ச் 15, ஞாயிறு

வெயில். ரகுவிடமிருந்து பதில் இல்லை. செல்வி பிள்ளை பார்க்கத் தோட்டத்துக்குப் போனாள். நான் போகவில்லை. பேச்சுக்கொடுக்கிற மனநிலை இல்லை. போனை முப்பது தரம் பார்த்திருப்பேன்.

செல்வி திரும்பி வந்து பிள்ளையின் மூக்கைப் பற்றி நிறையச் சொன்னாள். கொசுவலை சின்னதாகிவிட்டதாம்.

மார்ச் 16, திங்கள்

ரகு போன் எடுத்தான். கொதிக்கவில்லை, சிரித்தான்.

“உதுதான்ரா வேணும். இரண்டு வாய்க் கங்காணியை வாசிச்சுப்போட்டு வீட்டில எல்லாரும் சிரிப்பு. அப்பிடியே போடுறன்.”

திட்டத் தயாராக இருந்தவன், நன்றி என்றேன்.

“ஒண்டு மட்டும் மச்சான். லயத்துக்கு எழுதினது கொஞ்சம் கூடிப்போச்சு. ஒரு அறைக்க அஞ்சு தலைமுறை எண்டா ஆர் நம்புவினம்? மூண்டு எண்டு மாத்திவிடு.”

சூரியனை வரவழைக்கும் சடங்கை நம்பினான். கப்பலில் முந்நூறு வருடம் அடைந்து கிடக்கிறார்கள், அதையும் நம்பினான். நாலு மைலை நம்பவில்லை.

மாற்ற முடியாது என்றேன். உனக்கு இன்னும் அதே கோபம்தான் என்றான். இரவைக்குள் முடிவு சொல்லாவிட்டால் கதை இல்லாமலே அச்சுக்குப் போகுமாம்.

அடுப்படியில் போய்ச் செல்வியிடம் கொட்டினேன். மூன்றென்று போட்டால் யார் செத்தார்கள், புத்தகம் வருமே என்பாள் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டு விரலை மடக்கினாள். முப்பாட்டன், பாட்டன், மாமா, நீங்களும் அண்ணனும், அண்ணன் மகள்.

“நேத்து நான் பாத்துட்டு வந்த பிள்ளய எங்கங்க விட்டீங்க? அந்த அறையிலதான தொட்டில் கட்டியிருக்கு.”

ரகுவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: திருத்தம். ஐந்து அல்ல, ஆறு.